திருத்தணிக் கற்றளியும் கல்லெடுப்போர் சிறப்பும்

கற்குவாரித் தொழிலில் நெடுங்காலம் உழைத்துப் பெயர் பெற்ற நம்மவர்க்கு ஆண்டுதோறும் ஒரு சிறப்புச் செய்தல் வேண்டும் என்று அன்பர் சிலர் நம் சங்கத்துக்கு எழுதி வருகின்றனர். பொன்னாடை போர்த்துவதா, பதக்கம் அளிப்பதா, உபசாரப் பத்திரம் வாசித்தளிப்பதா என்னும் விவகாரம் ஒருபுறம் இருக்க. அச்சிறப்பு யாருக்கு உரியது என்னும் வினாவே முதற்கண் தீர்க்கற்பாலது. குத்தகை எடுத்துப் பொருள் முடக்கித் தொழில் நடத்துவார்க்கா? அன்றிக் கல்லின் போக்கறிந்து உளி வைத்துப் பிளப்பார்க்கா? இவ்வினா நேற்று எழுந்ததன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே நம் திருத்தணிப் பதியிலே கல்லெழுத்தில் இடம் பெற்றுவிட்டது. அச்செய்தியை நம் குடும்பத்தார் யாவரும் அறிந்து பின் முடிவு செய்தல் நலமெனக் கருதி இதனை வரைகின்றோம்.

திருத்தணி என்றவுடன் மலைமேல் முருகனும், ஆடிக் கிருத்திகைக் காவடியும், 365 படிகளுமே நம் மனத்தில் தோன்றும். மலையினின்றும் இறங்கி நந்தியாற்றங்கரைப் பக்கம் செல்வார் மிகச் சிலரே. அங்கே வீரட்டானேசுவரர் கோயில் என்று ஒரு சிறிய சிவாலயம் உளது. பெரிய கோபுரம் இல்லை. ஆயிரக்கால் மண்டபம் இல்லை. ஆனையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாட வடிவில், அடி முதல் கரிய கல்லினாலே அமைந்த சிறு விமானம் அது. பல்லவ மரபின் கடைசி மன்னனாகிய அபராஜிதவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியளவில் எழுந்தது. அவ்வரசனது 18-ஆம் ஆட்சியாண்டுச் சாசனம் ஒன்றும் அங்கே காணப்படுகின்றது.

இக்கோயிலை எடுப்பித்தவன் நம்பி அப்பி என்பான். கோயில் எடுப்பித்தவன் பெயர் கல்லில் இருப்பது புதுமையன்று. புதுமை யாதெனின், அவன் செய்த இப்பணியைப் பாராட்டி ஒரு வெண்பா அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றது. அவ்வெண்பாவைப் பாடியருளியவர் பெருமானடிகளே என்னும் குறிப்பும் உடன் நிற்கின்றது. பெருமானடிகள் என்றது அரசனாகிய அபராஜிதனையே என்பது சாசன ஆராய்ச்சியாளர் கொள்கை. திருத்தணியல் ஈசனுக்குக் கருங்கல்லினால் கற்றளி நிற்க விரும்பி, கலைகளெல்லாம் கற்றவனாகிய நம்பி அப்பி அழகுறச் செய்தான் என்பது அதன் கருத்து. முடிசூடிய மன்னன் ஒருவன் தன் குடியிற் பிறந்தான் ஒருவனது கல்வேலைக்குத் தன் வாக்காலேயே நற்சான்று அளித்த செய்தி தமிழ்நாட்டு வரலாற்றில் அரிதினும் அரிது. பொருள் கொடுத்தலும் நிலம் கொடுத்தலும் அரசர்க்கு எளிய காரியங்கள். ஏடெடுத்து உட்கார்ந்து யாப்பு வழுவாமல் நான்கடி பாடுதல் அத்தனை எளிதன்று. அபராஜிதன் பின்னர்ச் சோழன் ஆதித்தனிடம் தோற்று நாடும் உயிரும் இழந்தான். அவனுடைய பாட்டு மட்டும் நந்தியாற்றங்கரையில் நிலைத்துவிட்டது.

அவ்வெண்பாவில் கருங்கல் என்பது தனித்து எடுத்துச் சொல்லப்பட்டதன் காரணத்தை நம்மவரன்றிப் பிறர் எளிதில் உணரார். அதற்கு முன்னெல்லாம் கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் எழுந்து, மழைக்கும் நெருப்புக்கும் இரையாகி வந்தன. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி ஆலயம் செய்வித்தேன் என்று மண்டகப்பட்டுக் குகையில் பெருமிதத்தோடு எழுதிவைத்தான். அரக்கோணத்தை அடுத்த மகேந்திரவாடியிலும் பாறையைப் பிளந்து திருமாலுக்கு ஒரு கோயில் செய்வித்ததாக அவன் சாசனம் கூறும். ஆயினும் அவை நின்ற இடத்திலேயே பாறையைக் குடைந்து ஆக்கியவை. கல்லை மலையினின்றும் பெயர்த்து, அளவாக நறுக்கி, வேறிடம் கொண்டுசென்று அடுக்கிக் கட்டுதல் அடுத்த படி. காஞ்சியிற் கைலாசநாதர் கோயிலை எடுப்பித்தபோது, ஏறத்தாழ 700-ஆம் ஆண்டையொட்டி, அடிவரிசைக்குக் கடுங்கல்லை வைத்து மேலுக்கு மணற்கல்லையே கொண்டனர். மணற்கல் உளிக்கு இணங்கும். ஆனால் காற்றுக்கும் மழைக்கும் கரையும். அக்கோயிற் சிற்பங்கள் முகம் தேய்ந்து நிற்பதை இன்றும் காணலாம். திருத்தணியிலோ அடிமுதல் கடுங்கல். கணபதி, தட்சிணாமூர்த்தி, திருமால், பிரமன், கொற்றவை முதலிய கோட்டத்துத் திருவுருவங்களும் அக்கல்லிலேயே ஆனவை.

கடுங்கல்லை மலையினின்றும் எடுப்பது எத்தகைய வித்தை என்பதை நகரத்தில் வளரும் நம் பிள்ளைகள் அறியுமாறு இங்கே சிறிது சொல்லுதல் தகும். கல்லுக்கும் மரத்தைப் போலப் பிளக்கும் திசை ஒன்று உண்டு. தேர்ந்தவன் வெயிற் சாய்வில் பாறையை நோக்கியும், சுத்தியால் தட்டி ஓசையைக் கேட்டும் அதனை அறிவான். ஓசையும் நிறமும் கொண்டு ஆண்கல், பெண்கல், அலிக்கல் எனச் சிற்ப நூலார் பகுத்ததும் இவ்வநுபவத்தின் மேலதே. பின்னர் ஒரே நேர்க்கோட்டில் சிறு குழிகளை உளியால் வரிசையாகத் தோண்டி, அவற்றில் ஆப்பு இறக்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சீராகச் சம்மட்டியால் அடித்துவர, பாறை கோடு கிழித்தாற்போல வாய் திறக்கும். ஓர் ஆப்பை மாத்திரம் ஓங்கி அடித்தால் கல் கோணிப் பிளந்து, பல நாள் வேலை பாழாகும். பலத்தினும் பொறுமையே இங்கு வேண்டுவது. மாமல்லபுரத்துப் பாறைகளில் இக்குழி வரிசைகள் இன்றும் தெளிவாகக் காணப்படுகின்றன. மற்றொரு முறை நெருப்பினால் ஆவது. பாறையின் மேல் விறகுத் தீயை நீளமாக மூட்டி, மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே சென்றால், சூட்டினால் மேற்படலம் அடிப்பாறையை விட்டுப் பிரியும். எதுவரை பிரிந்தது என்பதைச் சுத்தியால் தட்டிச் சத்தத்தாலேயே கண்டு தீயைத் தள்ளிக்கொண்டு போவர். பெங்களூர்ப் பக்கத்தில் இவ்வாறு ஏறத்தாழ 60 அடி நீளமும் 40 அடி அகலமும் அரையடிக் கனமும் உள்ள பாளங்கள் வெடியின்றியே பெயர்க்கப்பட்டதைக் கண்டு வியந்து, 1895-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ என்னும் ஆங்கில விஞ்ஞானப் பத்திரிகையில் ஒரு துரை எழுதினார். எழுத்தறியாத் தொழிலாளி என்று பிறர் இகழ்ந்தவனிடத்தில் இத்தனை நுட்பம் இருந்தது.

இனி வினாவுக்கு வருவோம். அபராஜிதன் பாடியது யாரை? நம்பி அப்பியை. அவன் பொருள் செலவிட்டுக் கோயிலைச் செய்வித்தவன். கல்லெடுத்தவன் பெயர் வெண்பாவில் இல்லை. அக்காலத்து முறைமை அது. அரசனைக் குறைகூற நாம் எழுந்தோமில்லை. ஆனால் அக்காலத்திலும் வேறுவகையான வழக்கம் சில இடங்களில் இருந்தது என்பதை மறைத்தலும் முறையன்று. கன்னட நாட்டுப் பட்டதகல்லில், எட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், சாளுக்கிய விக்கிரமாதித்தன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாக அவன் தேவி லோகமகாதேவி ஒரு பெருங்கோயில் எடுப்பித்தாள். அதனை அமைத்த சூத்திரதாரி குண்டன் அனிவாரிதாசாரி என்பானுக்குத் திரிபுவனாசாரி என்னும் பட்டம் அளிக்கப்பட்டது. கோயில் வாயிலிலேயே அச்செய்தி எழுதப்பட்டது. தஞ்சையிலும் இராசராசன், தான் கொடுத்ததையும் தமக்கை கொடுத்ததையும் தேவியர் கொடுத்ததையும் பிறர் கொடுத்ததையும் கல்லில் வெட்டுக என்று ஆணையிட்ட அப்பெருங்கோயிலில், குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்று தச்சனுக்கும் ஓர் இடம் கிடைத்தது. அரசன் தன் பெயரையே அவனுக்குப் பட்டமாகச் சூட்டினான் என்பதைக் காண்க. ஆனால் மலையும் பாறையும் இல்லாத காவிரி வண்டற் பூமிக்குத் தொலைவிலிருந்து அத்தனை கல்லையும் பிளந்து அனுப்பினவர்களின் பெயர்வரிசை அங்கும் இல்லை.

தொழிலாளர் தாமே தம் பெயரைப் பொறித்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறையின் மேல், பல்லவர் காலத்து எழுத்தில், கேவாதப் பெருந்தச்சன் முதலாகச் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. திருவொற்றியூரினின்று வந்தான் ஒருவன் பெயரும் அவற்றுள் உளது. விருதும் இல்லை, வெண்பாவும் இல்லை. வெறும் பெயர் மாத்திரம். மன்னர் கட்டளைக்காகப் பகலெல்லாம் வேலைசெய்தவர்கள் ஓய்ந்த வேளையில் ஒதுக்குப்புறமான பாறையில் எழுதிக்கொண்டனர் போலும் என்று நாம் எண்ணுகின்றோம். இவர்கள் எக்குலத்தவர் என்று சிலர் வழக்காடுவர். நம் சங்கத்துப் பத்திரிகையாயினும், போதிய சான்றின்றி அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாட நாம் உடன்படோம். தச்சனும் சிற்பியும் வேறு, மலையிற் கல்லெடுப்பவன் வேறு என்னும் பகுப்பு நெடுநாளையது. ஒருவன் பெருமையை மற்றொருவன் கவர்ந்துகொண்டால், நமக்கு இழைக்கப்பட்ட குறையையே நாமும் பிறர்க்கு இழைத்தவர் ஆவோம்.

வெள்ளையர் ஆட்சிக்கு வருவோமாயின் பல்லாவரத்துக் கதை ஒன்று உளது. சென்னைக்குத் தெற்கே பல்லாவரம், பரங்கிமலை ஆகிய இடங்களில் கிடைக்கும் நீலங்கலந்த கருங்கல்லைச் சென்னையார் நெடுங்காலமாக எடுத்துப் பயன்படுத்தி வந்தனர். கல்கத்தா நகரில் ஆங்கிலக் கம்பெனியின் ஆதிக்கத்துக்கு அடிகோலிய ஜாப் சார்னாக் என்பவர் 1693-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இறந்தபின், அவர் கல்லறைக்கு இக்கல்லே இங்கிருந்து கடல்வழியாகச் சென்றது. இருநூறு ஆண்டு கழித்து, 1893-ஆம் ஆண்டில், பூதத்துவ இலாகாவைச் சேர்ந்த ஹாலந்து என்பவர் இக்கல்வகையை ஆராய்ந்து, அக்கல்லறையை நினைந்து, அதற்குச் ‘சார்னக்கைட்’ என்று பெயரிட்டார். 1900-ஆம் ஆண்டில் அதைப்பற்றி விரிவான நூலும் வெளியிட்டார். இன்று உலகத்துக் கல்லியல் புத்தகங்களிலெல்லாம் அப்பெயரே வழங்குகின்றது. பரங்கிமலைப் பாறையும் தேசியப் பூதத்துவ நினைவுச் சின்னமாகப் போற்றப்படுகின்றது. கல்லின் கீழ்ப் படுத்திருப்பவர் பெயர் கல்லுக்கு வாய்த்தது. அதை மலையினின்றும் பெயர்த்துக் கொடுத்தவன் பெயர் எவர்க்கும் வேண்டியிருக்கவில்லை.

அதே பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், சரளைக்காக வெட்டிய ஒரு குழியருகே இராபர்ட் புரூஸ் பூட் என்பவர் ஆதிமனிதனது கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். சில திங்களில் நம் திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்த அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றுட் பழமையானவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்று 2011-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஆகவே, இந்த வட்டாரத்தில் கல்லைத் தெரிந்தெடுத்துத் தட்டிப் பிளக்கும் வித்தை மன்னர்க்கும் மொழிக்கும் ஊர்ப்பெயர்க்கும் முந்தியதாகும். பூட் துரைக்கு வரலாற்றில் தக்க இடம் கிடைத்தது; அதில் நமக்குப் பொறாமையில்லை. குழி வெட்டிய கூலியாள் நினைக்கப்படவில்லை என்பதை மட்டும் குறித்துவிட்டு அப்பாற் செல்கின்றோம்.

நம் குலத்தாரைப் பற்றித் துர்ஸ்டன் துரை 1909-ஆம் ஆண்டில் வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகள் நூலில், கல் ஒட்டர், மண் ஒட்டர் என்னும் இரு பிரிவும், கிணறு வெட்டுதல், ஏரிக்கரை போடுதல், சாலை அமைத்தல், கல்லுடைத்தல் ஆகிய தொழில்களும் கூறப்பட்டுள்ளன. இராயபுரத்தினின்று அரக்கோணத்தின் வழியே வாலாஜா ரோடுவரை 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தென்னாட்டின் முதல் இரயில் ஓடிற்று. பின்னர் அரக்கோணத்தினின்று திருத்தணி வழியாக வடமேற்கே மற்றொரு பாதையும் சென்றது. இருப்புப் பாதைக்கு அடியில் மண்ணணையும், அதன்மேல் ஜல்லியும் வேண்டும். அவற்றை இட்ட கைகளுள் நம் பாட்டன் பாட்டிமார் கைகளும் இருந்தன. அதற்கு நமக்கு வாய்த்த சிறப்பு யாது? 1871-ஆம் ஆண்டில் பிறந்து 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பட்டியலில் பல ஊர்களிலும் நம்மவர் பெயர் ஏறியதேயாம். வேலை உள்ள இடம் தேடி இடம்பெயர்ந்து வாழ்ந்தது குற்றமாயிற்று. அரசாங்கத்தார் நம் பெயரை எழுதிவைத்துக்கொண்டது அக்காலத்தில் அந்த ஒரு புத்தகத்தில்தான்! 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் நாடு முழுமைக்கும் அச்சட்டம் ஒழிந்தது. சீர்மரபினர் என்னும் பெயரில் அதன் வடு இன்னும் நம் சான்றிதழ்களில் இருக்கின்றது.

திருத்தணி வட்டமும் இங்குமங்குமாக அலைந்ததுதான். 1911-இல் சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்து, 1953-இல் ஆந்திர ராஜ்யத்துக்குப் போய், பெரும் போராட்டத்துக்குப் பின் 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மீண்டும் தமிழரசோடு கூடிற்று. வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசும் நம்மவர்க்கு எல்லைக்கோட்டின் இருபுறமும் உறவு உண்டு.

சுதந்திர இந்தியாவில் தொழிற் சிறப்புக்கென்று அரசாங்கத்தாரே ஏற்படுத்திய முறைகள் சில உள. 1983-ஆம் ஆண்டில் தொழிலாளர் அமைச்சகத்தார் சுரங்கங்களுக்கு தேசியப் பாதுகாப்பு விருதுகளை ஏற்படுத்தினர். எவ்வளவு கல் எடுத்தாய், எவ்வளவு லாபம் கண்டாய் என்று கேளாமல், எத்தனை காலம் விபத்தின்றி வேலை நடந்தது, காயங்கள் எவ்வளவு குறைந்தன என்று கேட்பது அவ்விருது. இது மிகவும் மெச்சத்தக்க அளவுகோல். காலையில் மலைக்குப் போனவர்கள் அனைவரும் மாலையில் வீடு திரும்பினர் என்பதினும் மேலான சாதனை இத்தொழிலில் வேறில்லை. ஆயின் இதில் ஒரு முடிச்சு உளது. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்படி, கட்டடக்கல், சாலை ஜல்லி முதலியன எடுக்கும் சிறு குவாரிகளில், ஆழம் 6 மீட்டருக்கு மேற்படாமலும், ஆட்கள் 50 பேருக்கு மிகாமலும், வெடிமருந்து வையாமலும் வேலை நடந்தால், அச்சட்டத்தின் பெரும்பகுதி அவற்றைக் கட்டாதிருந்தது. நம்மவருள் கையால் உளியும் சம்மட்டியும் பிடிப்பவர் பலர் அத்தகைய இடங்களிலேயே இருக்கின்றனர். ஏட்டில் ஏறாத இடத்து விபத்தும் ஏட்டில் ஏறாது. விபத்தின்றிக் காத்த சாமர்த்தியமும் ஏறாது. கற்றூளை முப்பது ஆண்டு சுவாசித்து, நெஞ்சு இறுகி, ‘சிலிகோசிஸ்’ என்னும் நோய்க்கு ஆளானவன், காசநோயாளி என்று எண்ணப்பட்டு அதற்குரிய மருந்தைத் தின்றுகொண்டிருப்பதும் உண்டு. 1994-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் அமைந்த கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தின் தொழிற் பட்டியலில் கல்வெட்டுவோரும் கல்லுடைப்போரும் இடம்பெற்றனர் என்பது ஓர் ஆறுதல். இன்னும் பதிவு செய்துகொள்ளாத குடும்பத்தார் உடனே பதிவு செய்துகொள்க. அட்டையில் அச்சாகும் பெயரும் ஒரு சாசனமே.

சிறப்பென்பது பொன்னாடையில் இல்லை என்பதற்கு அண்மைக் காலத்துச் சான்று புதுக்கோட்டையில் உளது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமையை ஒழித்தும், பல குவாரிகளில் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் விடுபட இயலாமல் இருந்தன. 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பரிதாபாத் கற்குவாரித் தொழிலாளர் வழக்கில், அத்தகையோரைக் கண்டறிந்து விடுவித்து வாழ்வளித்தல் அரசின் கடமை என்று தீர்ப்பளித்தது. 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை ஜில்லாவில் பரவிய காலத்தில், ஷீலா ராணி சுங்கத் என்பார் கலெக்டராக இருந்தபோது, குடுமியான்மலை முதலிய பக்கங்களில் அதுகாறும் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குக் கல்லுடைத்து வந்த ஏழைப் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்தனர். அவர்கள் பெயரிலேயே குவாரிக் குத்தகை வழங்கப்பட்டது. கணக்கெழுதினர், உரிமத் தொகை கட்டினர், லாரிக்காரரிடம் விலை பேசினர். ஒப்பந்தக்காரர் பலவாறு இடையூறு செய்தும் அஞ்சாது நின்றனர். கல்லில் இசையிலக்கணம் பொறிக்கப்பட்ட அந்தக் குடுமியான்மலையடியில், கையெழுத்திடக் கற்ற பெண்ணொருத்தி முதன்முதல் தன் பெயரை எழுதிய பத்திரங்களுள் குத்தகைப் பத்திரமும் ஒன்றாயிருந்திருக்கும். நாம் அறிந்தவரையில், கல்லெடுப்போர்க்கு இந்நாட்டில் அளிக்கப்பட்ட சிறப்புக்களுள் இதற்கு இணையானது அபராஜிதனுடைய வெண்பாவும் அன்று.

ஆகவே நம் சங்கத்தார்க்கு நாம் விண்ணப்பிப்பது இது. குத்தகை நடத்தும் கனவான்களுக்கு மாலையிடுவதை நாம் தடுக்கவில்லை. அவருள்ளும் ஆட்களுக்குத் தலைக்கவசமும் முகமூடியும் வாங்கிக் கொடுத்து, அடிபட்டவன் குடும்பத்தைக் கைவிடாதவர் சிலர் உளர். அவர் மாலைக்கு உரியவரே. ஆனால் முதல் வரிசையில் உளி பிடித்தவர் இருத்தல் வேண்டும். அவரோடு, கூடை சுமந்தும் ஜல்லி உடைத்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்த நம் தாய்மாரும் இருத்தல் வேண்டும். வழங்கும் பத்திரத்தில் ‘நெடுங்காலம் தொழிலாற்றிய’ என்று பொதுப்பட எழுதாமல், இன்ன மலையில், இத்தனை ஆண்டு, இன்ன வேலை என்று விளங்க எழுதுதல் வேண்டும். திருத்தணி மலைப்படிகளுக்கு ஆண்டுதோறும் டிசம்பர் 31-ஆம் நாளில் படித்திருவிழா நிகழ்கின்றது. வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த அவ்விழாவில் படிதோறும் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடிச் செல்வர். படிக்கே இத்தனை மரியாதை செய்யும் ஊரில், படிக்கல் போன்ற கல்லை எடுக்கும் முதியவர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருத்தல் அழகாகாது.

அன்பர்கள் தத்தம் ஊரில் அறுபது கடந்த கற்றொழிலாளர், ஆண் பெண் இருபாலார் பெயரையும், தந்தை பெயர், வேலை செய்த மலை அல்லது குவாரி, செய்த வேலை, எடுத்த கல் எந்தக் கோயிலுக்கோ பாலத்துக்கோ சாலைக்கோ சென்றது என்னும் விவரம், உடல்நிலை ஆகியவற்றோடு எழுதி, ஆடிக் கிருத்திகைக்கு முன் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புக. தாமே எழுத இயலாதார் சொல்ல, பள்ளியிற் படிக்கும் பேரப்பிள்ளைகள் எழுதுக. வரும் பெயர்கள் யாவும், பரிசு பெறினும் பெறாவிடினும், இப்பத்திரிகையில் வரிசையாக அச்சிடப்படும்.